கடலைச் செதுக்கத் தருமபுரிக்குப் போனேன்

எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் கடல். சாத்தினாலும் கடல்தான், இரைச்சல் உள்ளே வந்துவிடும். அந்த வீட்டில் இருந்துகொண்டு, கடலை மரத்தில் செதுக்கி அச்செடுப்பதற்காகத் தருமபுரிக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் கணவர் கையில் இருந்த மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அங்க போயி எதப் பாத்துக் கடல் வரைவே? ஏரியையா?"

"ஏரியிலயும் இப்பத் தண்ணி இல்லியாம்" என்றேன்.

அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. கல்யாணமான புதிதில் பேசிப் பார்த்தவர்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே இருக்கிற எங்கள் கடற்கரை ஊரில், பெண்கள் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. மதராசில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு, 'உங்கள் ஊர்க் கரையை மரஅச்சுப் படமாகச் செய்து அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தார்கள். ஆசையாக ஆரம்பித்தேன். ஆனால் உப்புக்காற்று பலகையை விட்டு வைக்கவில்லை. நான் நேராகச் செதுக்கிய பள்ளிவாசல் மினாரா அடுத்த வாரமே கூன் போட்டது. மை காயவில்லை. காகிதம் அப்பளமாக நெளிந்தது. கடலைச் செதுக்கக் கடல் இல்லாத ஊர் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

எங்கள் தெருவில் மரவாடி வைத்திருக்கும் ஹனீபா ராவுத்தர்தான் வழி சொன்னார். "தருமபுரியில காசிம் பாய்னு ஒரு தச்சர் இருக்கார் டீச்சர். மஞ்சக்கடம்புப் பலகை வெச்சிருக்கார், நல்லாக் காஞ்சது. கண்ணாடியா இழைச்சுத் தருவார், காசு வாங்க மாட்டார். அவங்க வூட்டுலயே தங்கிக்கலாம். நம்ம யூசுபுக்கு அவர் பொண்ணைத்தான் பேசிட்டிருக்கோம்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போற எடத்துல நம்ம ஊரப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்லி வையுங்க."

ஓசியில் பலகை கிடைக்கிறது, நாலு வார்த்தை சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அந்த நாலு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

சம்பந்தி வீட்டுக்கென்று ராவுத்தர் ஒரு ஓலைக்கூடை நிறைய நெத்திலியும் சுறாவும் கருவாடாகக் கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் அது வாசனை. சேலம் தாண்டியதும் அது நாற்றமாகிவிட்டது. பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கன்னடம் தெரியாது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், நான் கேட்காமலே மொழிபெயர்த்தாள்.

"பஸ்ஸுக்கு அடியில என்னமோ செத்துக் கெடக்குதுன்னு சொல்றாங்க."

சற்றுப் பொறுத்து, "இல்ல, உள்ளதான் செத்துருக்குதாம்" என்றாள்.

மேலும் சற்றுப் பொறுத்து, என் முகத்தைப் பார்க்காமல், "இப்ப உங்களப் பத்திப் பேசறாங்கக்கா" என்றாள்.

கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். "யாருங்க இந்தக் கூடை? இதுக்கு லக்கேஜ் போட்டு நான் உள்ள வெச்சிருந்தா, டிரைவரு எறங்கிப் போயிடுவாருங்க." கூடை கூரைக்கு ஏறியது. அதியமான்கோட்டையில் வண்டி நின்றபோது நாய்கள் நாலைந்து எங்கிருந்தோ வந்து கூரையை அண்ணாந்து பார்த்து உட்கார்ந்துகொண்டன. வண்டி புறப்பட்டதும் கூடவே ஓடி வந்தன. தருமபுரிக்குள் இத்தனை மரியாதையோடு யாரும் நுழைந்திருக்க மாட்டார்கள்.

காசிம் பாய் நெட்டையான மனிதர். காதில் பென்சில், தாடியில் மரத்தூள். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. கதவு, கட்டில், ஜன்னல் எல்லாம் செய்வார். அவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. அரூர்ப் பக்கத்து மண்டி வியாபாரிகளுக்கு, சாக்கு மூட்டையில் குத்தும் மர அச்சு செதுக்கிக் கொடுப்பார். கடைப் பேரையும் ஒரு மாம்பழப் படத்தையும் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால், மறுநாள் அச்சாக வாங்கிப் போகலாம். ஆக அச்சுத் தொழிலில் அவர் எனக்கு மூத்தவர். அதைச் சொன்னதும் குளிர்ந்து போனார்.

"உங்களுது கடலுங்க. நம்மது மொளகா மூட்டைங்க" என்று சிரித்தார்.

அவர் மனைவி ஜமீலா கருவாட்டுக் கூடையை இரண்டு விரலால் வாங்கி, தன் ஆயுளில் முதன்முறையாக ஒரு விருந்தாளியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு வெட்கப்பட்டு, "நல்ல வாசனைங்க" என்றார். அந்தப் பொய்க்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மகள் மைமூன் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். ஒல்லியாக, பெரிய கண்களோடு இருந்தாள். தையல் மெஷினில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். நான் சொம்பை வாயில் வைத்ததுமே கேட்டாள்.

"டீச்சர், மூணாம் நம்பர் கூண்டு ஏத்துனாங்கன்னா ஓடணுமா, இல்ல வூட்லயே இருக்கலாமா?"

எனக்குப் புரை ஏறியது. கல்யாணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வானொலியில் புயல் செய்தி ஒன்றையும் விடுவதில்லையாம். வங்கக் கடலில் காற்று மூச்சு விட்டாலும் தருமபுரியில் இருக்கும் மைமூனுக்குத் தெரிந்துவிடும்.

"எந்த நம்பருக்கும் நாங்க ஓடறதில்ல. வேடிக்கை பாக்கப் போவோம்" என்றேன். இது நல்ல வார்த்தைக் கணக்கில் சேரவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் நிலவரம் எனக்கு விளங்கிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹனீபா ராவுத்தரும் அவர் மகன் யூசுபும் பதில் கேட்டு வருகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். மைமூன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீடு கடலுக்கு எவ்வளவு தூரம் என்று தெரியாமல் சரி சொல்ல மாட்டேன் என்கிறாள். காசிம் பாய் ஒருமுறை எங்கள் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். வீடு எப்படி என்று கேட்டால் வாசற்கதவு தேக்கு என்பதைத் தவிர ஒரு வார்த்தை வராது.

எனக்குத் தெரியும். அந்த வீடு நன்றாக எனக்குத் தெரியும். தெருவில் கடைசி வீடு அது. அதற்கப்புறம் மணல், மணலுக்கப்புறம் தண்ணீர். மழைக்காலத்தில் மணலும் இருக்காது.

"எங்க இருக்குது டீச்சர் அவங்க வூடு?" என்று மைமூன் கேட்டாள்.

நான் கையைக் காற்றில் வீசி வரைந்து காட்டினேன். "தெக்குப் பக்கத்து மணல்மேட்டுல ஏறி நின்னு பாத்தா, நடுவுல பள்ளிவாசல். அதுக்கு வலப்பக்கம் ஒரு ஓட்டு வீடு, இடப்பக்கம் ஒரு ஓட்டு வீடு. வலப்பக்கத்து வீடுதான் அவங்களுது."

"கடலு?"

"அத எதுக்கு வாயால சொல்லணும்? படமாவே போடறேன், நீயே பாத்துக்க" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மைமூனும் மெச்சினாள் போலிருக்கிறது. உடனே அப்பாவிடம் போய், "டீச்சர் படத்தப் பாத்துட்டுத்தான் அத்தா சொல்லுவேன்" என்று அறிவித்துவிட்டாள். ஒரு கல்யாணம் என் உளி முனையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை காலையில் களி. ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். நான் வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். அது குறையவில்லை, கூடுவதாகவே தோன்றியது. ஜமீலா பதறிப்போய், "அய்யோ மெல்லக் கூடாதுங்க டீச்சர், அப்படியே முழுங்கணும்" என்றார். மீனை முள் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட வாய்க்கு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது லேசில் வரவில்லை. மூன்றாவது உருண்டையில் பிடிபட்டது. நாலாவதை நானே கேட்டு வாங்கினேன்.

அந்த ஊர்க் காற்றைப் பற்றி நான் பொறாமைப்படாமல் எழுத முடியாது. துவைத்த சேலை கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்கிறது. எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் எப்போதும் தண்ணீர் விட்டு நிற்கும். இங்கே உப்பு பொலபொலவென்று கொட்டுகிறது. குடிக்கத் தண்ணீர் பிடிக்கத்தான் குழாயடியில் சண்டை. மஞ்சக்கடம்புப் பலகையைத் தட்டினால் கணீர் என்றது. பாய் இழைத்துக் கொடுத்ததில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு வழவழப்பு.

மெல்லிய காகிதத்தில் படத்தை வரைந்தேன். மரஅச்சில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் காகிதத்தில் விழும். அதனால் படத்தையே மாற்றி வரைந்தேன். வலப்பக்கம் இருக்க வேண்டிய கடலை இடப்பக்கம் போட்டேன். அதை அப்படியே பலகையில் ஏற்றிச் செதுக்கிவிட்டால் அச்சில் ஊர் சரியாக வந்துவிடும். காலேஜில் முதல் வருடம் ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையை மாற்றி அச்சடித்துத் திட்டு வாங்கியதிலிருந்து இந்த விஷயத்தில் நான் வெகு ஜாக்கிரதை.

மரவாடியில் குவிந்து கிடக்கும் கட்டைகளை வரையாமல் விட்டேன். அவை படத்துக்கு அழகு சேர்க்கவில்லை. அலையை மட்டும் மனசு குளிர ஓங்கிப் போட்டேன். பாய் வந்து எட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அலை கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே."

"அலைன்னா அப்படித்தான் பாய் இருக்கும்."

"இருக்குங்க. இல்லீங்கல. ஆனா தெனமுமா இருக்குது? சாதுவா இருக்கற நாளும் இருக்குமில்லீங்க? அந்த நாளப் போடலாமில்லீங்க?"

"நான் மதராசுக்கு அனுப்பற படம் பாய் இது."

"மதராசுக்காரங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க. எம் பொண்ணுக்கு இன்னும் ஆவலீங்க."

பேரம் நடந்தது. ஒரு முழம் அலையில் நான் நாலு விரல் குறைத்தேன். கலைக்காகப் பட்டினி கிடந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்காக அலையைக் குறைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வியாழனன்று என் நாக்கு கலகம் செய்தது. கருவாட்டை ஜமீலா கொல்லைப்புறக் கோடியில், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டித்தான் வறுத்துக் கொடுத்தார். மீதியை அக்கம்பக்கத்துக்குப் பங்கிட்டுவிட்டார். பச்சை மீன் கண்ணில் படவில்லை. ஒகேனக்கல்லில் மீன் பொரித்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன். புறப்படும் முன் படம் வரைந்த காகிதத்தைப் பட்டறை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் உளியைப் பாரமாக வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பலகையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

ஒகேனக்கல்லில் பாறை மேல் உட்கார்ந்து மசாலா தடவிய மீனைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் சேற்று மணம் உண்டு. பிறகு பரிசலில் ஏறினேன். பரிசல்காரர் என் ஊரைக் கேட்டார். கடலோரம் என்றேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்மாந் தண்ணிய முன்னால வெச்சுக்கிட்டு ஒரு வாய் குடிக்க முடியாதாமில்லீங்க. பாவங்க நீங்க."

எங்கள் கடலைப் பார்த்து இதுவரை யாரும் பாவப்பட்டதில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல தண்ணி இப்படி மேல இருந்து விழாது, மரியாதையா படுத்திருக்கும்" என்றேன். அவர் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றினார். மீன் தொண்டைக்கு வந்துவிட்டது.

திரும்பும்போது பென்னாகரத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றுபோனது. டிரைவர் இறங்கி வண்டிக்கு அடியில் படுத்தார். கண்டக்டர் இறங்கிப் பீடி பற்றவைத்தார். ஒரு ஆடு ஏறி, என் பக்கத்து சீட்டில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. "டிக்கெட் இல்லாம ஏறிடுச்சு" என்று ஒரு கிழவர் சொன்னார். அவரும் டிக்கெட் எடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. நான் தருமபுரி போய்ச் சேரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். மின்சாரம் இல்லை.

காசிம் பாய் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஞாயித்துக்கெழமைக்கு நேரமில்லீங்களே, நீங்க எங்கயோ மாட்டிக்கிட்டீங்கன்னு தெரிஞ்சுது. நானே படத்த ஒட்டி, செதுக்கி முடிச்சுட்டேனுங்க."

அரிக்கேன் வெளிச்சத்தில் பலகையைக் காட்டினார். பள்ளிவாசல், ஓடுகள், தென்னங்கீற்று, அலை எல்லாம் என் கோடு பிசகாமல் வெட்டியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடம்பெல்லாம் பஸ்ஸில் ஆடிய ஆட்டம் வேறு. நன்றி சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் மை உருட்டினேன். காகிதத்தை விரித்து, ஜமீலாவின் ஆப்பக்கரண்டியின் முதுகால் தேய்த்தேன். ஆப்பம் சுட வந்தவர் கரண்டியைத் தேடிக்கொண்டு பட்டறைக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டார். பாய் நின்றார். மைமூன் எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். மூலையைப் பிடித்துக் காகிதத்தை உரித்தேன்.

கடல் இடப்பக்கத்தில் இருந்தது.

ஒரே இழுப்பில் எங்கள் ஊர் மலையாளக் கரைக்குப் போய்விட்டது. என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மண்டிக்காரர்கள் கொண்டுவருகிற காகிதத்தைப் பாய் எப்போதும் முகம் குப்புறப் பலகையில் ஒட்டி, எண்ணெய் தடவி, பின்பக்கமாகத் தெரிகிற கோட்டைச் செதுக்குவார். அப்போதுதான் சாக்கில் எழுத்து நேராக விழும். என் காகிதத்தையும் அப்படியே கவிழ்த்து ஒட்டிவிட்டார். நான் முதலில் ஒருமுறை புரட்டியதை அவர் இன்னொருமுறை புரட்டிவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைமூன் விரலை வைத்துவிட்டாள். பள்ளிவாசலுக்கு வலப்பக்கம். தென்னந்தோப்புக்குள் குளுகுளுவென்று ஒரு ஓட்டு வீடு. எங்கள் ஊரில் அது தோப்புக்காரர் வீடு.

"இதுதானே டீச்சர்? பள்ளிவாசலுக்கு வலப்பக்கம்னு சொன்னீங்களே. கடலு அந்தக் கடைசியில இருக்குது. இங்க வரைக்கும் அலை வராது."

அவள் கண்ணில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு நான் காகிதத்தின் மூலையை நீவிக்கொண்டிருந்தேன். "எனக்குச் சம்மதம் அத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ஜமீலா கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, மை பூசிய அதே கரண்டியோடு சேமியா பாயசம் காய்ச்சப் போனார்.

நானும் பாயும் தனியாக நின்றோம்.

"பாய், நான் மாத்தித்தான் வரைஞ்சிருந்தேன்."

"அச்சுன்னா புரட்டித்தானுங்க ஒட்டணும்."

"நான்தான் புரட்டிட்டேனே!"

"அத நீங்க சொல்லணுமில்லீங்க. இருவது வருசமா நான் புரட்டறேன். கைதானே, கேக்குமா?"

பிறகு அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "டீச்சர், அவ வாயால சம்மதம்னு சொல்லிட்டா. நாளைக்கு ஒருநாள் நீங்க சும்மா இருந்துடுங்க. வேணும்னு நான் செய்யலீங்க, அல்லா சாட்சி. ஆனா தானா அமைஞ்சதக் கெடுப்பானேன்?"

எனக்கும் ஆசைதான். பலகையின் மறுபக்கத்தில் நான் வேறு செதுக்கிக்கொள்வேன், இல்லாவிட்டால் இதையே அனுப்பிவிடுவேன், மதராசில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பாயசம் வந்தது. குடித்தேன். உண்மையைச் சொல்வதானால் குடித்த பிறகு சொல்லலாம் என்பது என் கொள்கை. இரண்டாவது தம்ளர் இறங்கவில்லை. மைமூன் எங்கள் தெருவுக்குத்தான் வரப்போகிறாள். ஐப்பசியில் அலை பின்சுவரில் அறைகிற அன்று, அவள் வாசலுக்கு ஓடி வந்தால் பக்கத்தில் என் வீடு. அந்தக் கண்களை நான் எப்படிப் பார்ப்பேன்?

அவளைக் கூப்பிட்டு அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். அச்சடித்த காகிதத்தைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன்.

"அதுக்குள்ள தெரியறதுதான் எங்க ஊரு. இந்தக் காகிதத்துல இருக்கறது தப்பு. அச்சு மாறிப்போச்சு."

மைமூன் கண்ணாடிக்குள் பார்த்தாள். பள்ளிவாசல். வலப்பக்கம் ஓட்டு வீடு. அதன் பின்சுவரை ஒட்டி அலை, நாலு விரல் குறைத்தும் கூரை உயரத்துக்கு எழும்பி நின்றது. வாசற்படியில் நின்றிருந்த காசிம் பாய் மெல்ல நகர்ந்து பட்டறைக்குப் போய், இழைப்புளியை எடுத்துத் தேவையில்லாமல் எதையோ இழைக்க ஆரம்பித்தார். ஜமீலாவிடம் நடந்ததைச் சொன்னேன். "ரெண்டு பேருல ஒருத்தருக்காவது வேலை தெரியாம இருந்திருக்கலாம்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மைமூன் அன்று முழுவதும் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். என்னால்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை நின்று போகிறதோ என்று கலக்கமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அவள் எழுந்து அப்பாவிடம் போனாள்.

"அத்தா, நிக்காஹ் அன்னைக்கு எங்கிட்ட வந்து சம்மதமான்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க கண்ணு. கேக்காம எப்படி? அதான மொற."

"எப்படியும் கேக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி நான் அவங்கள ஒண்ணு கேட்டுக்கறேன். அப்பறந்தான் என் பதிலு."

"பொண்ணு கேள்வி கேக்கறது எங்கயாவது உண்டா? வந்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க."

ஜமீலா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "எங்கிட்ட வந்து சம்மதமான்னு கேட்டப்ப நான் தலையாட்டுனேன். அவங்க என்ன கேட்டாங்கன்னே என் காதுல விழல. இவளாவது வெவரமா ஆட்டட்டுமே."

பாய் இழைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹனீபா ராவுத்தர் வந்தார். மகன் யூசுபும், உறவில் இரண்டு பெரியவர்களும் கூட. யூசுபை நான் தினமும் தெருவில் பார்க்கிறவள்தான். மரவாடியில் கட்டைக்கு அளவு போட்டுக்கொண்டிருப்பான். குரல் கேட்டதில்லை. அன்று புதுச் சட்டையில், விறைப்பாக, தொண்டைக்குழி ஏறி இறங்க உட்கார்ந்திருந்தான். ஆண்கள் கூடத்தில். நாங்கள் உள்ளறையில். நடுவில் ஒரு பூப்போட்ட திரை. இரண்டு பக்கமும் போய்வரக்கூடியவள் என்பதால் தூது வேலை எனக்கு வந்தது.

ஹனீபா ராவுத்தர் என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார். நாலு வார்த்தை சொல்லியாயிற்றா என்று அர்த்தம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டீ குடித்து முடித்ததும் காசிம் பாய் நெளிந்தார். "பொண்ணு ஒரு வார்த்தை கேக்கணும்னு சொல்லுதுங்க" என்றார், கட்டிலில் கால் ஒன்று ஆடுகிறது என்று ஒப்புக்கொள்கிற குரலில். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் திரைக்கு வெளியே வந்து, மைமூன் சொன்னதைச் சொன்னபடியே கேட்டேன்.

"மாப்பிள்ளைக்குக் கடலக் கண்டா பயமா இல்லியான்னு கேக்குது பொண்ணு."

ஹனீபா ராவுத்தர் இடி இடிப்பதுபோல் சிரித்தார். "பயமா? எங்க பையனுக்கா? கடல்லயே பொறந்து கடல்லயே வளந்தவன். மீனு நீந்த மறந்துச்சுன்னா இவங்கிட்டத்தான் வந்து கத்துக்கும். சொல்லுடா."

யூசுப் அப்பாவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் என்ன சொன்னாலும் அதோடு முடிந்தது என்று தோன்றியது.

"பயந்தான் டீச்சர்" என்றான்.

ஹனீபா ராவுத்தர் கனைத்தார். யூசுப் நிறுத்தவில்லை.

"முட்டிக்கு மேல தண்ணில எறங்குனதில்ல. நீச்சலும் வராது. மழைக்காலத்துல பின்சுவத்துல அலை அறைஞ்சா, தலகாணியத் தூக்கிக்கிட்டு முன்னறைக்கு வந்து படுத்துக்குவேன். சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படித்தான்."

ஹனீபா ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்களில் ஒருவர் டீத் தம்ளரின் அடியை ஆராய்ந்தார். காசிம் பாய் என்னைப் பார்த்த பார்வையில், ஏன் இந்தப் பொம்பளைக்குப் பலகை கொடுத்தோம் என்பது எழுதி ஒட்டியிருந்தது.

திரைக்குப் பின்னால் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். நான் உள்ளே போனேன். மைமூன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் முகத்தில் பார்த்த இறுக்கம் காணவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். நான் திகைத்தேன். "நெசமாவே கேக்கவா?" என்றேன். தலையாட்டினாள், வெவரமாகவே ஆட்டினாள்.

வெளியே வந்து, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"அந்த முன்னறையில இன்னொரு தலகாணி போட எடம் இருக்குமான்னு கேக்குது பொண்ணு."

ஹனீபா ராவுத்தர் கண்ணைத் திறந்து, அதற்குப் பிறகு வாயைத் திறந்தார். யூசுப் அவரை முந்திக்கொண்டான்.

"இருக்கு டீச்சர். ஒரே ஒரு பொட்டி கெடக்கு, அத நான் போன ஒடனே நகத்திடறேன்."